முப்பத்திரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு சந்தேகம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், உலகக் கடல் வாணிபத்தின் போக்கையே மாற்றியிருக்கக்கூடிய மாபெரும் விசாரணை ஒன்று செவ்வாய்க்கிழமை காலை, ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அறையில் தொடங்கியது. எதையும் மாற்றவில்லை, அது வேறு விஷயம். தொடங்கியது.

அறைக்குச் சொந்தக்காரர் தனியார் துப்பறிவாளர். ஊரில் அவரைப் புலி என்பார்கள். அப்படி அழைக்கச் சொல்லி விசிட்டிங் கார்டில் அவரே அச்சடித்துவிட்டதால் ஊருக்கு வேறு வழியில்லை. உதவியாளர், அவருடைய மச்சினி. மனைவியின் தங்கை என்பதால் வேலையை விட்டு அனுப்ப முடியாது. புத்திசாலி என்பதால் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. புலி தீர்த்ததாகச் சொல்லப்படும் கேஸ்களில் பாதியை அவள்தான் தீர்த்தாள். மீதிப் பாதி தீரவில்லை.

உள்ளே வந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நீலச் சட்டை. கழுத்தில் பைனாகுலர்.

"எதிர் போர்ஷன்ல இருக்கிற டிடெக்டிவைத்தான் பாக்க வந்தேன். அவர் ரொம்ப பிசியாம். அதான் இங்க..."

எதிர் போர்ஷன்காரருக்கு ஏசி இருந்தது, கண்ணாடிக் கதவு இருந்தது, வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். முதல் இரண்டையாவது புலி மன்னித்திருப்பார்.

"நாங்களும் பிசிதான் சார், உக்காருங்க," என்றாள் மச்சினி. "அத்தான் காலையிலேர்ந்து மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கிட்டிருக்கார்."

"தலை மேல இருக்கு," என்றார் வந்தவர். "பிரேம் லூசாயிருக்கு. கடைக்கு வாங்க, டைட் பண்ணித் தரேன். கண்ணாடிக்கடை வச்சிருக்கேன்."

புலி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அதைத் தானே கண்டுபிடித்ததுபோல் தலையசைத்தார். "பிரச்சினையைச் சொல்லுங்க."

"என் வீட்டுக்காரி கப்பல்ல இருக்கா."

"பயணியாவா?"

"சீஃப் ஆபீசரா. கேப்டனுக்கு அடுத்தபடி அவதான்."

"என்ன மாதிரி கப்பல்?"

கேட்டிருக்கக் கூடாது. கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பையனைப்போல் நிமிர்ந்தார்.

"பல்க் கேரியர். மூட்டை, பெட்டி எதுவும் கிடையாது. கோதுமை, நிலக்கரி, உரம்னு உதிரியா அப்படியே கொட்டி ஏத்துறது. நீளம் நூத்துத் தொண்ணூறு மீட்டர். அகலம் முப்பத்திரண்டு. அம்பத்தாறாயிரம் டன் தாங்கும். அஞ்சு சரக்கறை. நாலு கிரேன். ஒவ்வொண்ணும் முப்பது டன் தூக்கும்."

"உங்க கல்யாண நாள் என்னிக்கு சார்?" என்றாள் மச்சினி.

அவர் கண்ணைத் திறந்தார். "ஜூன்ல. இல்ல, மே கடைசியோ என்னமோ. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். நீங்க கப்பலைச் சொல்லுங்க."

அவர் ஃபோனை நீட்டினார். நீல வரைபடத்தில் அம்புக்குறிகள் எறும்புபோல் மொய்த்தன. எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் ஆப். மனைவி கடலுக்குப் போனதிலிருந்து அதுதான் அவருக்குக் காலை தினசரி, மாலை சீரியல், ராத்தூக்கம் எல்லாம்.

"நம்ம துறைமுகத்துக்கு வெளியில வந்து நங்கூரம் போட்டு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. கரையிலேர்ந்து பாத்தாலே தெரியுது. ஏழு மாசம் கழிச்சு பொண்டாட்டி கண்ணுக்கெட்டின தூரத்துல நிக்கிறா, வீட்டுக்கு வரல. கேட்டா, 'லோடு இருக்கு, உள்ள இடம் கிடைக்கல, சரக்கு இறங்குற வரைக்கும் என்னால இறங்க முடியாது'ங்கிறா."

"நியாயம்தானே?"

"ஆப்புலயும் அப்படித்தான் போட்டிருக்கு. டிராஃப்ட் பன்னிரண்டே முக்கால் மீட்டர். அவ்வளவு ஆழத்துக்குத் தண்ணிக்குள்ள அமுங்கியிருக்குன்னா உள்ள முழு லோடுன்னு அர்த்தம்."

"அப்ப என்னதான் பிரச்சினை?"

"கேப்டன்," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

அந்த ஒரு சொல்லில் ஏழு மாத வயிற்றெரிச்சல் இருந்தது. ஃபோனில் ஒரு குரூப் போட்டோவைத் திறந்து இரண்டு விரலால் விரித்தார். திரை முழுக்க ஒரு மீசை வந்தது. படத்தில் அவர் மனைவியும் இருந்தார். மீசையைப் பெரிதாக்கியதில் அவர் ஓரமாக வெளியே போய்விட்டார்.

"ஆறடி. கோட்டு வேற. இந்த மூஞ்சியோட ஏழு மாசம் ஒரே மேஜையில சாப்பாடு. இன்னொண்ணு கேளுங்க. நேத்து ஃபோன்ல சொல்றா, 'அந்த நீலச் சட்டையைத் துவைக்கப் போடுங்க, மூணு நாளா அதையே மாட்டிக்கிட்டிருக்கீங்க'ன்னு. அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேப்டன் என் பின்னால ஆள் வச்சிருக்கான் சார்!"

"சர்வதேச உளவு வலை," என்று முணுமுணுத்தார் புலி, அனுபவித்து.

கண்ணாடிக்கடைக்காரர் கடைசியாக ஒன்றைக் காட்டினார். மனைவிக்கு எழுதி, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த மெசேஜ். 'இனிமேல் நீ வீட்டுக்கு வர வேண்டாம். துணிமணிகளை உன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.'

"சாயங்காலத்துக்குள்ள உண்மை தெரியணும். இல்லன்னா அனுப்பிடுவேன்."

மச்சினிக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. எழுந்து செருப்பை மாட்டினாள்.

* * *

கடற்கரைச் சாலையில், கடலைப் பார்த்தபடி ஒரு சிமெண்ட் பெஞ்சு. உட்கார்ந்து உட்கார்ந்து அதைக் கண்ணாடிக்கடைக்காரர் பட்டா போடாத குறையாகச் சொந்தமாக்கியிருந்தார். சாலைக்கு மறுபுறம் பெட்ரோல் பங்க், பூட்டிக்கிடந்த ஐஸ் ஃபேக்டரி, ஒரு மூன்று மாடி லாட்ஜ். அந்தப் பக்கம் அவர் முதுகுக்குத்தான் பழக்கம்.

புலி பைனாகுலரை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கப்பல் மிகமிகத் தொலைவில் இருப்பதாக அறிவித்தார்.

மச்சினி வாங்கிப் பார்த்தாள். "சார், வரிசையா நாலஞ்சு கப்பல் நிக்குது. உங்களுது எது?"

"இடதுலேர்ந்து ரெண்டாவது. அதுல ஒரு கம்பீரம் தெரியும் பாருங்க."

"கம்பீரம் தெரியல. கால் தெரியுது. மத்த கப்பலெல்லாம் கறுப்பா தண்ணியில உக்காந்திருக்கு. உங்களுது மட்டும் பேண்ட்டை முழங்காலுக்கு மடிச்சு விட்ட மாதிரி, கீழ்ப்பாதி செவப்பா நிக்குது."

"அடியில செவப்பு பெயிண்ட்தான் அடிப்பாங்க."

"அடியில அடிச்சது மேல ஏன் சார் தெரியுது?"

கண்ணாடிக்கடைக்காரர் பைனாகுலரைப் பிடுங்கினார். ஒரு வாரமாகப் பார்த்த கப்பலை முதல் முறையாகப் பார்த்தார். உடனே சமாதானத்துக்கு ஃபோனைப் பார்த்தார்.

"பன்னிரண்டே முக்கால்னு போட்டிருக்கே!"

"என் ஃபோன்லகூட என் எடை அம்பத்தஞ்சு கிலோன்னுதான் போட்டு வச்சிருக்கேன். நம்பர் கெடக்கட்டும், கப்பலைப் பாருங்க. லோடு இருந்தா அமுங்கணும். இது மொதக்குது. காலி."

புலிக்குச் சுருக்கென்றது. ஒரு துப்பு கிடைத்த மகிழ்ச்சியைவிட, அது வேறு ஒருவருக்குக் கிடைத்த வலி அவருக்கு எப்போதும் பெரிது. "இதை நான் அப்பவே கவனிச்சுட்டேன். நீ சொல்றியான்னு பாத்தேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடத்தல்! அம்பதாயிரம் டன் கோதுமையை ராத்திரியோட ராத்திரியா..."

"கைக்குட்டையில முடிஞ்சா அத்தான் கொண்டு போனாங்க?"

ஆனால் கண்ணாடிக்கடைக்காரரின் மனக்கணக்கு வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டது. "காலின்னா வேலை முடிஞ்சாச்சு. வேலை முடிஞ்சும் இறங்கல. லோடு இருக்குன்னு என்கிட்ட பொய் வேற. அப்ப..." கட்டைவிரல் மெசேஜின் மேல் போய் நின்றது.

மச்சினி ஃபோனைக் கையால் மூடினாள். "சாயங்காலம்னு சொன்னீங்க சார். சூரியன் இன்னும் தலைக்கு மேலதான் இருக்கு. இங்கயே இருங்க, வந்துடுறோம்."

* * *

நிற்கும் கப்பல்களுக்கு ஆளும் தண்ணீரும் காய்கறியும் கொண்டுபோகும் படகுகள் ஒதுங்கும் படகுத்துறை. ஒரு படகுக்காரர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். புலி கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னே சென்றார்.

"நான் கப்பல் இன்ஸ்பெக்டர். மேலிடத்துலேர்ந்து வரேன்."

படகுக்காரர் அவர் கால்களைப் பார்த்தார். "ரப்பர் செருப்போடவா?"

மச்சினி குறுக்கே வந்தாள். "அண்ணே, அவர் என் அக்கா வீட்டுக்காரர். அதைத் தவிர வேற எந்தப் பதவியும் கிடையாது. அந்தச் செவப்பு வயிறு தெரியற கப்பல் காலியாத்தானே நிக்குது?"

"காலிதான். கோதுமையை முந்தின துறைமுகத்துலயே கொட்டிட்டாங்க. அடுத்த வாடகைக்கு ஆள் கிடைக்கல, நிக்குது."

"ஃபோன்ல பாத்தா முழு லோடுன்னு காட்டுதே?"

"அதைக் கப்பல்ல ஒரு ஆள் உக்காந்து கையால தட்டி மாத்தணும்மா. மறந்துடுவாங்க. நங்கூரம் போட்டிருக்குன்னு ஃபோன்ல காட்டின கப்பல் என் படகை இடிக்கிற மாதிரி பறந்து போயிருக்கு."

"அதுல சீஃப் ஆபீசர் ஒரு அம்மா..."

"அவங்களா? போன வாரமே இறங்கிட்டாங்களே. மாத்து ஆளை நான்தான் ஏத்திவிட்டேன், திரும்பும்போது அந்தம்மா என் படகுலதான் வந்தாங்க. ரெண்டு பை. தனியா."

புலி மச்சினியை வெற்றியோடு பார்த்தார். "தனியா இறங்குற மாதிரி நடிச்சு, பின்னாலயே அந்தக் கேப்டன்..."

"கேப்டனா?" என்றார் படகுக்காரர். "அவர் கப்பல்லயேதான் கெடக்கார். அஜீரணம். காலையிலதான் மாத்திரை கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தேன். மனுஷன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறார், ஏழு நிமிஷம் ஏப்பத்தைப் பத்தியே பேசறார்."

ஆறடி மீசை இப்படியாகக் கதையிலிருந்து வெளியேறியது. புலி தளரவில்லை. "அப்ப கேப்டன் அல்லாத இன்னொருத்தன். ரெண்டு பேரும் இந்நேரம் ஊரைத் தாண்டி..."

மச்சினி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். "ஊரைத் தாண்டலை அத்தான். ரோட்டைத் தாண்டியிருக்காங்க. நீலச் சட்டையை மூணு நாளா யார் பாக்க முடியும்? அந்த மனுஷன் மூணு நாளா பெஞ்சுலதான் இருக்கார். அவரைத் தினமும் பாக்கணும்னா பெட்ரோல் பங்க்ல நிக்கணும், இல்ல லாட்ஜுல தங்கணும். ஐஸ் ஃபேக்டரி பூட்டியிருக்கு. ரெண்டு பையோட ஒரு பொம்பளை பெட்ரோல் பங்க்ல ஒரு வாரம் நிக்க முடியுமா?"

புலி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் புலி.

* * *

மூன்றாம் மாடியில், சாலையைப் பார்த்த அறை. கதவைத் தட்டியதும் திறந்தது. வெயிலில் கறுத்த முகம், ஒட்ட வெட்டிய தலைமுடி, இடது புருவத்தில் ஒரு பழைய தழும்பு. சீஃப் ஆபீசர் புலியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானே கொஞ்ச முன்னாடி அவர் பக்கத்துல நின்னு பைனாகுலரை முன்பின்னா திருப்பிப் பிடிச்சுப் பாத்தீங்க?"

புலி சுவரைப் பார்த்தார். மச்சினி விஷயத்துக்கு வந்தாள். "நாங்க அவர் அனுப்பின துப்பறியறவங்க. நீங்க தனியா இருக்கீங்க, ஊர்லதான் இருக்கீங்க. அப்புறம் ஏங்க லோடு, கீடுன்னு பொய்?"

"அந்த நம்பரை மாத்த மறந்தது செகண்ட் ஆபீசரோட சோம்பேறித்தனம். எனக்குத் தோதாப் போச்சு. நான் சொல்றதை அவர் நம்பமாட்டார். ஆப்பு சொன்னா நம்புவார்."

ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் நீல முதுகு தெரிந்தது.

"இறங்கின அன்னிக்கு நேரா கடைக்குத்தான் போனேன். பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் பெஞ்சுன்னு சொன்னார். ஆசையா வந்தேன். பின்னால போய் நின்னேன், கை நீட்டினா தொடலாம். ஃபோன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டிருந்தார். 'நூத்துத் தொண்ணூறு மீட்டர்டா, வெயில்ல பாக்கணுமே, தகதகன்னு நிக்கிறா'ன்னு. என்னைப் பத்தின்னா நூத்துத் தொண்ணூறு மீட்டரையும் மன்னிச்சிருப்பேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "எப்பத்தான் திரும்பறார்னு பாப்போம்னு இங்க ரூம் போட்டேன். ரோட்டுல ஆம்புலன்ஸ் போச்சு, லாரிக்காரன் சண்டை போட்டான், நாய் அவர் செருப்பையே தூக்கிட்டுப் போச்சு. மனுஷன் திரும்பல."

"கப்பல் மேல பொறாமையா உங்களுக்கு?"

"ஆமாம்மா, பொறாமைதான். உனக்கு என்ன சிரிப்பு? அந்தத் தகதகவை ஏழு மாசம் துரு சுரண்டினவ நான். அஞ்சு சரக்கறையிலயும் இறங்கி, கோதுமை அழுகின நாத்தத்தைக் கழுவினவ. நாலு கிரேன்னு ஒப்பிப்பாரே, அதுல ஒண்ணு போன வருஷத்துலேர்ந்து அசையறதில்ல. என் எந்தப் புருவத்துல தழும்புன்னு போய்க் கேளு. கண்ணுக்கு மேலதான் இருக்கு, அவர் தொழிலே கண்ணுதான், சொல்லட்டும் பாப்போம்."

மச்சினி அந்த மெசேஜைப் பற்றிச் சொன்னாள். வார்த்தை மாறாமல், அண்ணன் வீடு உட்பட.

சீஃப் ஆபீசரின் முகத்திலிருந்து வீம்பு இறங்கியது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "சாயங்காலமேவா?"

"கேப்டன் மேல சந்தேகம். மீசையைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாக்குறார்."

"அந்த ஏப்பத்து மேலயா!" சீஃப் ஆபீசர் வெடித்துச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று வேறொன்றாக மாறியது. "பொறாமைப்படறாரா? எனக்காகவா?" அந்தக் கேள்வியில் சந்தோஷம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அதை அவரால் மறைக்க முடியவில்லை.

எழுந்தார். "சரி, வரச் சொல்லுங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். கதவைத் திறந்ததும் என் மூஞ்சியைப் பாத்து, எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை. இப்பவே பையைத் தூக்கிக்கிட்டு அவரோட வந்துடறேன். இல்லன்னா அவர் அந்த மெசேஜை அனுப்பவே வேண்டாம், நானே அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்."

அம்பத்தாறாயிரம் டன் கப்பலைப் புயலில் ஓட்டியவர், கண்ணாடி முன் நின்று தலையை வாரினார். கலைத்துவிட்டு மறுபடி வாரினார்.

* * *

புலி சாலையைக் கடந்த நடையில் ஒரு பேரரசின் தூதர் தெரிந்தார். "உங்க மனைவியைக் கண்டுபிடிச்சாச்சு," என்றார்.

"எந்த ஊர்ல?"

"உங்க முதுகுக்குப் பின்னால."

கண்ணாடிக்கடைக்காரர் திரும்பினார். ஜன்னலில் ஓர் உருவம் நின்றது. மறுபடி கடலைப் பார்த்தார், கப்பல் நின்றது. இரண்டில் எதை நம்புவது என்று ஃபோனைப் பார்த்தார். அது எதுவும் சொல்லவில்லை.

மாடிப்படி முழுக்க மச்சினி அவர் காதருகிலேயே பேசிக்கொண்டு வந்தாள். அஜீரணம், மாத்திரை, தனியாக இறங்கிய இரண்டு பைகள். ஒன்றையும் விடவில்லை.

"ஒரே ஒரு விஷயம் சார். கதவு திறந்ததும் அவங்க முகத்தைப் பாருங்க. கண் டெஸ்ட்னு வச்சுக்குங்க. அங்க இங்க பாக்காம நேரா. எப்படி இருக்கேன்னு கேளுங்க. அவ்வளவுதான், நீங்க பாஸாயிடுவீங்க."

"இவ்வளவுதானா! நான் என்னென்னமோ நெனச்சுட்டேனே." அவர் மூன்றாம் மாடி வராந்தாவில் நின்று, மச்சினி பார்க்கும்படி அந்த மெசேஜை அழித்தார். நீலச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தட்டினார்.

கதவு திறந்தது.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நேராக, அங்கே இங்கே பார்க்காமல் பார்த்தார். இடது புருவத் தழும்பில் அவர் கண் ஒரு கணம் நின்றதை மச்சினி பார்த்தாள்.

"எப்படி இருக்கே?" என்றார்.

சீஃப் ஆபீசர் தலையை மட்டும் ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பைகளை எடுக்க ஒதுங்கி வழிவிட்டார். மச்சினி பிடித்திருந்த மூச்சை விட்டாள். புலி தொண்டையைக் கனைத்து, இந்த வழக்கின் முதல் நொடியிலேயே தனக்கு உதித்த சந்தேகங்களை வராந்தாவுக்கு விளக்கத் தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிக் கண்ணாடிக்கடைக்காரர் உள்ளே போனார்.

அறையில் வேறு யாரும் இல்லை. குளியலறையையும் திறந்து பார்த்துவிட்டார்.